ஒட்டாத பூச்சு, விட்டுப்போகாத வேதிப்பொருள்

நான்ஸ்டிக் வாணலி வைத்திருக்கும் எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் அந்தக் கறுப்புத் துணுக்கு தட்டுப்படும். பொரித்த முட்டையின் ஓரத்தில் மிளகுத்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மிளகுதானா என்று விரலில் எடுத்துப் பார்த்தால், இல்லை. வாணலியின் நடுவில் அதே அளவுக்கு வெளிறிய புள்ளி ஒன்று தெரியும். இதற்குமுன் எத்தனை துணுக்கு உள்ளே போயிருக்குமோ என்ற யோசனை அடுத்து வரும். விசாரித்தால் ஒரு சாரார் 'புற்றுநோய் வரும், இன்றே தூக்கிப் போடுங்கள்' என்பார்கள். இன்னொரு சாரார் 'ஒன்றும் ஆகாது, எல்லாம் புரளி' என்பார்கள்.

இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வாணலியின் மேல் பூசியிருக்கும் பிளாஸ்டிக் ஒன்று. அந்தப் பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும்போது உதவிக்குச் சேர்த்த வேதிப்பொருள் வேறொன்று. முதலாவது நம் அடுப்படியில் இருக்கிறது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அடுப்பின் தீதான். இரண்டாவது ஏதோ ஓர் ஆலையை ஒட்டி ஓடும் ஆற்றில் கலந்து, அங்கிருந்து சுற்றிச் சுற்றிக் கோடிக்கணக்கானவர்களின் ரத்தத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக் குழப்பம் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாசகங்களால் வருவது. அதற்குப் பிறகு வருகிறேன்.

திறந்தும் வராத வாயு

1938 ஏப்ரல் 6. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டூபாண்ட் நிறுவனத்தின் ஜாக்சன் ஆய்வகம். ராய் பிளங்கெட் என்ற 27 வயது வேதியியலாளர், குளிர்பதனப் பெட்டிக்கு உதவும் புது வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்காக டெட்ராஃபுளோரோஎத்திலீன் என்ற வாயுவைச் சிறு உருளைகளில் அடைத்து உலர்பனியில் வைத்திருந்தார். அன்று அவரும் உதவியாளர் ஜாக் ரீபாக்கும் ஓர் உருளையைத் திறந்தபோது வாயு வரவில்லை. கசிந்து தீர்ந்துவிட்டதோ என்று எடை போட்டுப் பார்த்தார்கள். எடை குறையவே இல்லை. உருளையை ரம்பத்தால் அறுத்தார்கள். உள்ளே மெழுகு போன்ற வெள்ளைத் தூள் இருந்தது.

வாயுவின் மூலக்கூறுகள் தாமாகவே கைகோத்து நீண்ட சங்கிலிகளாகிவிட்டிருந்தன. அந்தத் தூளின் முழுப்பெயர் பாலிடெட்ராஃபுளோரோஎத்திலீன், சுருக்கமாகப் பி.டி.எஃப்.ஈ. டூபாண்ட் 1945ல் அதற்குப் பதிவுசெய்த வணிகப் பெயர்தான் டெஃப்ளான். அமிலம் அதை எதுவும் செய்யவில்லை, காரமும் செய்யவில்லை, எந்தக் கரைப்பானிலும் கரையவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியத்தைச் செறிவூட்ட யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற பொருளைக் கையாள வேண்டியிருந்தது. தொட்டதையெல்லாம் அரித்துத் தின்னும் பொருள் அது. அதைத் தாங்க அந்தக் குழாய் இணைப்புகளுக்குள் இந்த வெள்ளைப் பிளாஸ்டிக்தான் போனது. அடுப்படிக்கு வருவதற்கு முன் இதற்கு இப்படி ஒரு பூர்வாசிரமம் உண்டு. விண்வெளிப் பயணத்துக்காக நாசா கண்டுபிடித்தது என்று ஒரு கதை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது; நாசா பிறந்ததே 1958ல்தான்.

எதனோடும் ஏன் ஒட்டுவதில்லை? நடுவில் கார்பன் அணுக்களின் நீண்ட தண்டு. அதைச் சுற்றி ஃபுளோரின் அணுக்கள் இடைவெளி இல்லாமல் போர்த்தியிருக்கின்றன. கார்பனுக்கும் ஃபுளோரினுக்கும் இடையிலான பிணைப்பு கரிம வேதியியலிலேயே மிக உறுதியான ஒற்றைப் பிணைப்பு. ஃபுளோரின் தன் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வரும் எந்த மூலக்கூறுக்கும் பிடிகொடுக்காமல் இருக்கும். கண்ணாடியில்கூடத் தலைகீழாக நடக்கும் பல்லி, உலர்ந்த டெஃப்ளான் பரப்பில் வழுக்கி விழுந்துவிடும். அதன் பாதத்திலுள்ள நுண்மயிர்கள் நம்பியிருப்பது மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய ஈர்ப்பைத்தான். அந்த ஈர்ப்பு இங்கே பேருக்குத்தான் இருக்கிறது.

தாமரை இலைத் தண்ணீரை இதற்கு உவமையாகச் சொல்வார்கள். அழகான உவமைதான், ஆனால் முழுக்கப் பொருந்தாது. தாமரை இலையில் தண்ணீர் உருண்டோடுவதற்குக் காரணம் அதன் மெழுகும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும். எண்ணெயை விட்டால் இலை தோற்றுவிடும், எண்ணெய் பரவிவிடும். புது நான்ஸ்டிக் வாணலியில் எண்ணெயும் முழுதாகப் பரவாமல் திட்டுத்திட்டாக ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒட்டாததை ஒட்டவைப்பது

சரி, எதனோடும் ஒட்டாத பொருள் வாணலியோடு மட்டும் எப்படி ஒட்டுகிறது? கண்டுபிடித்த பிறகு பல வருடங்கள் இதற்கு நல்ல விடை இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த மார்க் கிரெகுவார் என்ற பொறியாளர் 1954 வாக்கில் மீன்பிடிக் கருவிகளுக்காக இந்தப் பிளாஸ்டிக்கை அலுமினியத்தோடு பிணைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 'அதை என் சமையல் பாத்திரத்தில் பூசக்கூடாதா' என்று கேட்டவர் அவருடைய மனைவி கொலெட். 1956ல் தொடங்கிய அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் டெஃபால். டெஃப்ளானின் முன்பாதியும் அலுமினியத்தின் முன்பாதியும் சேர்ந்த பெயர். உலகத்துக்கு நான்ஸ்டிக் வாணலி வந்தது அந்த அம்மாள் கேட்ட கேள்வியால்தான். ஆனால் கண்டுபிடித்தவர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்ப்பவர்கள் குறைவு.

ஒட்டவைக்கும் முறை எளிமையானது. உலோகத்தின் பரப்பை அமிலத்தாலோ மணல் பீய்ச்சியோ முதலில் சொரசொரப்பாக்குகிறார்கள். அதன்மேல் பிசின் கலந்த அடிப்பூச்சு. அதற்கும் மேல் தண்ணீரில் கலந்த பி.டி.எஃப்.ஈ. துகள்கள் ஒன்றிரண்டு பூச்சு. பிறகு ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுகிறார்கள். துகள்கள் இளகி, பள்ளங்களுக்குள் இறங்கி, ஆறும்போது இறுகிக்கொள்கின்றன. மரத்தின் வேர் பாறை இடுக்கில் பிடித்துக்கொள்வதுபோன்ற பிடி இது. வேதிப் பிணைப்பு இதில் பெரிதாக இல்லை. எல்லாப் பூச்சும் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன் வராது. அதனால்தான் ஒரு கீறல் அடிவரை போய்விட்டால், அங்கிருந்து ஈரம் உள்ளே புகுந்து பூச்சு உரியத் தொடங்குகிறது.

மேலே 'தண்ணீரில் கலந்த துகள்கள்' என்று போகிறபோக்கில் சொன்னேன் அல்லவா, வில்லங்கம் அங்கேதான். எதனோடும் சேராத பொருளைத் தண்ணீரோடு சேர்க்க ஒரு சோப்பு வேண்டும். பல பத்தாண்டுகள் அந்தச் சோப்பாக இருந்தது பெர்ஃபுளோரோஆக்டனாயிக் அமிலம் என்ற பி.எஃப்.ஓ.ஏ. அதன் மூலக்கூறில் எட்டுக் கார்பன் இருப்பதால் ஆலைத் தொழிலாளர்கள் அதை 'சி8' என்பார்கள். அதன் கதைக்குப் பிறகு வருவோம்.

வாணலிக்கு வெளியே இந்தப் பூச்சும் இந்தப் பிளாஸ்டிக்கும் எங்கெல்லாம் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினால் முடியாது. இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு, மின்குக்கரின் உள்பாத்திரம், ரொட்டி வாட்டும் கருவி, முடியை நேராக்கும் கருவி. குழாய் பொருத்துபவர் மரையில் சுற்றும் வெள்ளை டேப் பி.டி.எஃப்.ஈ.தான். விமானங்களின் மின்கம்பி உறையிலும் இருக்கிறது, பாலங்களின் தாங்கிகளில் வழுக்குத் தகடாகவும் இருக்கிறது. 1969ல் பாப் கோர் என்பவர் சூடாக்கிய பி.டி.எஃப்.ஈ. கோலைச் சட்டென்று வெடுக்கென இழுத்தபோது அது அறுந்துபோகாமல், நுண்துளைகள் நிறைந்த பொருளாக நீண்டது. மழைநீரை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் சட்டைகள் அதிலிருந்து வந்தன; பழுதான ரத்தக் குழாய்க்கு மாற்றாக உடலுக்குள் பொருத்தும் குழாய்களும் அதிலிருந்துதான். நியூயார்க்கின் சுதந்திரதேவி சிலையை 1980களில் புதுப்பித்தபோது, செம்புத் தோலும் உள்ளேயிருக்கும் எஃகுச் சட்டமும் ஒன்றையொன்று தொட்டு அரித்துக்கொள்ளாமல் இருக்க இடையில் டெஃப்ளானை வைத்தார்கள்.

உடலுக்குள்ளேயே பல வருடங்கள் வைத்திருக்கும் பொருள் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கறுப்புத் துணுக்குக்குத் திரும்பலாம்.

துணுக்கை விழுங்கினால்

வயிற்றின் அமிலத்தால் அதைக் கரைக்க முடியாது, நொதிகளால் வெட்ட முடியாது. கண்ணுக்குத் தெரிகிற அளவுள்ள துணுக்கு போன வழியே வெளியேறிவிடும். அதன் மூலக்கூறு மிகப் பெரியது. செல்களின் சுவரைத் தாண்டாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பி.டி.எஃப்.ஈ.யை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்தப் போதுமான சான்று இல்லாதவை அந்தப் பிரிவில் இருக்கும். ஒன்றிரண்டு துணுக்கை விழுங்கியதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை என்பதை என்னால் தயங்காமல் சொல்ல முடியும்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில் உதிர்வது பற்றிய கேள்வி புதியது. 2022ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மேற்பரப்பில் ஒரே ஒரு கீறல் சுமார் 9,000 நுண்துகள்களை உதிர்க்கலாம் என்றும், பூச்சு உடைந்த இடத்திலிருந்து 20 லட்சத்துக்கும் மேல் உதிரலாம் என்றும் கணக்கிட்டது. எண்ணைப் பார்த்ததும் திக்கென்கிறது. ஆனால் நுண்துகள் கணக்கில் இலட்சங்கள் சேர்ந்தாலும் எடை ஒன்றும் இருக்காது. நுண்பிளாஸ்டிக் மொத்தமாக உடம்பை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சியே இன்னும் நடந்துகொண்டிருக்கும்போது, இந்த ஒன்றைப் பற்றி மட்டும் தீர்ப்பு எழுதுவது அவசரம். பூச்சு உரிந்த வாணலியை மாற்றுவது நல்லது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு: உரிந்தபிறகு அதில் எல்லாம் ஒட்டும். எந்த வேலைக்காக வாங்கினோமோ அந்த வேலையை அது செய்யாது.

தீ

அடுப்படியில் இந்தப் பூச்சால் வரக்கூடிய உண்மையான ஆபத்து ஒன்றுதான்: அளவுக்கு மீறிய சூடு. கீறலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களில் பாதிப்பேர்கூட இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

பி.டி.எஃப்.ஈ.யைத் தொடர்ந்து பயன்படுத்த 260 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. 327 டிகிரியில் உருகும். 350ஐத் தாண்டும்போது சங்கிலிகள் வேகமாக அறுபடத் தொடங்கும். அப்போது வெளிவருவது மிக நுண்ணிய துகள்களும் சில வாயுக்களும். சூடு ஏற ஏற அவற்றின் நச்சுத்தன்மையும் ஏறும். இன்னும் மேலே போனால் பெர்ஃபுளோரோஐசோபியூட்டிலீன் என்ற, நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும் வாயுவும் அதில் சேர்ந்துகொள்ளும்.

சாதாரணச் சமையலில் இந்தச் சூடு வராது. தண்ணீர் உள்ளவரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியைச் சுற்றியே இருக்கும். எண்ணெயில் பொரிப்பது பொதுவாக 180 டிகிரி அளவில். எண்ணெய் 200 முதல் 230 டிகிரிக்குள் எங்கேயோ புகையத் தொடங்கிவிடும், மூக்கும் கண்ணும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். அதாவது வாணலிக்குள் உணவோ எண்ணெயோ இருக்கும்வரை எச்சரிக்கை மணி இருக்கிறது. ஆபத்து காலி வாணலியில். மெல்லிய அலுமினியம் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும்; முழுத்தீயில் வெறும் வாணலியை வைத்தால் சில நிமிடங்களில் 260ஐத் தாண்டிவிடும். புகைய அதில் எண்ணெய் இல்லை, கருக உணவு இல்லை. ஒருமுறை தொலைபேசி மணியடித்து நானும் அப்படிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எதிர்பார்த்த கருகல் நெடி இல்லை; பூச்சின் நடுவில் மட்டும் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. மணக்கவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். நான் அதற்குப் பதில் வாணலியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணிநேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், உடல்வலி, நெஞ்சு இறுக்கம் வரும். மருத்துவத்தில் இதற்குப் பாலிமர் புகைக் காய்ச்சல் என்று பெயர். சளிக்காய்ச்சல் என்றே பலர் நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும், அதனால் கணக்கில் வராமலும் போய்விடும். அரிதாக நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனவர்களும் உண்டு. இந்தக் காய்ச்சல் முதலில் தெரியவந்தது அடுப்படியில் இல்லை, தொழிற்சாலைகளில். டெஃப்ளான் தூள் படிந்த விரல்களோடு சிகரெட் பிடித்தவர்களுக்கு அடிக்கடி வந்தது. சிகரெட்டின் கங்கு எவ்வளவு சூடு என்று யோசித்தால் காரணம் புரியும்.

மனிதரைப் பார்க்கிலும் பறவைகள்தான் இதில் பாவம். கிளி, லவ்பேர்ட்ஸ், கேனரி எதுவாக இருந்தாலும் மனிதருக்கு ஒன்றும் தோன்றாத அளவுப் புகையே அவற்றைக் கொன்றுவிடும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். நம்மைவிடப் பலமடங்கு திறமையாக ஆக்சிஜனை உறிஞ்சும் அமைப்பு அது. நஞ்சையும் அதே திறமையோடு உறிஞ்சும். நச்சுவாயுவை முன்கூட்டியே அறியச் சுரங்கத்துக்குள் கேனரியைக் கொண்டுபோனது இதே காரணத்துக்காகத்தான். டெஃப்ளான் பூசிய வெப்ப விளக்குகளால் கோழிகள் கூட்டமாகச் செத்ததும் நடந்திருக்கிறது. வீட்டில் பறவை வளர்ப்பவர்களுக்கு 'ஜாக்கிரதையாகப் பயன்படுத்துங்கள்' என்று சொல்லமாட்டேன். நான்ஸ்டிக்கே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மற்றவர்களுக்கு அடுப்படி ஒழுங்கு எளியது. வெறும் வாணலியைச் சூடேற்றாமல் எண்ணெய் விட்டபிறகு அடுப்பைப் பற்றவைப்பது, தீயை நடுத்தரத்தைத் தாண்டவிடாமல் பார்ப்பது, மரக்கரண்டியோ சிலிக்கோன் கரண்டியோ போடுவது, கம்பி நாரைத் தள்ளிவைப்பது. சூட்டோடு தண்ணீருக்கடியில் காட்டி 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டு மகிழ்வதையும் விட்டுவிட வேண்டும். அடித்தகடு வளைந்து பூச்சு விரிசல் விடும். இண்டக்‌ஷன் அடுப்பு மிக வேகமாகச் சூடேற்றும் என்பதால் அதில் முதல் நிமிடமே கவனம் வேண்டும்.

ஆற்றில் போனது

இனி அந்தச் சோப்பு.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊருக்கு அருகே, ஒஹையோ ஆற்றங்கரையில் டூபாண்ட் நடத்திவந்த வாஷிங்டன் ஒர்க்ஸ் ஆலை இருக்கிறது. 1951 முதல் அங்கே டெஃப்ளான் தயாரிப்பில் பி.எஃப்.ஓ.ஏ. பயன்பட்டது. அதை விற்றது 3எம் நிறுவனம். ஆலையின் கழிவு ஆற்றிலும் காற்றிலும் போனது, குப்பைக் கிடங்குகளிலும் கொட்டப்பட்டது. அப்படி ஒரு கிடங்கை ஒட்டி ஓடிய டிரை ரன் என்ற ஓடையில்தான் வில்பர் டென்னன்ட் என்ற விவசாயியின் மாடுகள் தண்ணீர் குடித்தன. பற்கள் கறுத்து, மெலிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. அவர் செத்த மாடுகளை வீடியோ எடுத்து வைத்தார். உள்ளூரில் யாரும் காதுகொடுக்கவில்லை. அதுவரை ரசாயன நிறுவனங்களுக்காகவே வாதாடிவந்த ராபர்ட் பிலட் என்ற வழக்கறிஞரிடம் அந்தப் பெட்டி நிறைய வீடியோக்களோடு போய் நின்றார். 1999ல் வழக்கு தொடுக்கப்பட்டது.

வழக்கில் ஒப்படைக்கப்பட்ட நிறுவனத்தின் உள்ளாவணங்கள், இந்தப் பொருள் விலங்குகளுக்குத் தீங்கு செய்கிறது, தொழிலாளர்களின் ரத்தத்தில் சேர்கிறது, குடிநீரிலும் வந்துவிட்டது என்பதை நிறுவனம் பல வருடங்களாகவே அறிந்திருந்தது என்று காட்டின. அடுத்து அந்தப் பகுதி மக்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 2004ல் சமரசத்தில் முடிந்தது. அந்தச் சமரசத்தில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது: பணத்தைப் பங்குபோட்டு முடித்துக்கொள்ளாமல், நோய்க்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்று சுதந்திரமான அறிவியல் குழு ஆராய வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். சுமார் 69,000 பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஒரு வேதிப்பொருளைப் பற்றி இவ்வளவு பெரிய மக்கள் ஆய்வு அபூர்வம். குழு 2012க்குள் ஆறு நோய்களோடு தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னது: சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண் அழற்சி, உயர் கொழுப்பு, கர்ப்பகால ரத்த அழுத்தம். 2017ல் டூபாண்டும் அதிலிருந்து பிரிந்த கெமோர்ஸும் சுமார் 67 கோடி டாலர் கொடுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தனிவழக்குகளை முடித்துக்கொண்டன.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023ல் பி.எஃப்.ஓ.ஏ.யை முதல் பிரிவுக்கு, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் வரிசைக்கு, உயர்த்தியது. டெஃப்ளான் மூன்றாம் பிரிவு, அதைச் செய்ய உதவிய சோப்பு முதல் பிரிவு. 'புற்றுநோய்' என்பவரும் 'புரளி' என்பவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

வாணலியை 400 டிகிரியில் சுடும்போது பி.எஃப்.ஓ.ஏ. அநேகமாக முழுதும் போய்விடும். முடிந்த பாத்திரத்தில் மிஞ்சுவது அற்பம். அதனால் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு வாணலி வழியாக வந்தது சொற்பம்தான். ஆனால் அதைச் செய்த ஆலைகளிலிருந்தும், கறை படியாத கம்பளம், எண்ணெய் ஊறாத உணவுக் காகிதம் போன்ற பிற பொருள்களிலிருந்தும் வெளியேறிய பி.எஃப்.ஓ.ஏ.யும் அதன் உறவுப் பொருள்களும் தண்ணீர், தூசு, மீன் வழியாக எல்லோரையும் வந்தடைந்தன. அமெரிக்காவில் சோதித்த ஏறக்குறைய எல்லோருடைய ரத்தத்திலும் இருந்தன. உடம்பில் பி.எஃப்.ஓ.ஏ. பாதியளவு குறையவே இரண்டு முதல் நான்கு வருடம் ஆகும். மண்ணிலோ தண்ணீரிலோ தானாகச் சிதைவதே இல்லை. இந்தக் குடும்பத்துக்குப் பொதுவாகப் பிஃபாஸ் என்று பெயர். 'அழியா வேதிப்பொருள்கள்' என்பது பட்டப்பெயர். எதனோடும் வினைபுரியாது என்பதுதான் வாணலியில் இதன் பெருமை. ஆற்றில் விட்டால் அதே குணம் சாபமாகிவிடுகிறது.

2006ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையோடு எட்டுப் பெரிய நிறுவனங்கள் ஒப்புக்கொண்டு, 2015க்குள் பி.எஃப்.ஓ.ஏ.யைக் கைவிட்டன. 2019ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை உலகளவில் ஒழிக்க வேண்டிய பொருள்களில் சேர்த்தது. 2024ல் அமெரிக்கா குடிநீரில் அதற்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம்; ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம். கைவிட்டதன் பலனும் தெரிகிறது: 1999க்கும் 2018க்கும் இடையே அமெரிக்கர்களின் ரத்தத்தில் இதன் அளவு 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நிறுத்தினால் குறைகிறது, இந்த விவகாரத்திலிருக்கும் ஒரே நல்ல செய்தி அதுதான். ஆனால் சோப்பு இல்லாமல் டெஃப்ளானைக் கலக்க முடியாதே? எட்டுக் கார்பனுக்குப் பதில் ஆறு கார்பன் கொண்ட ஜென்எக்ஸ் என்ற மாற்று வந்தது. உடம்பை விட்டுச் சீக்கிரம் போகிறது என்று சொல்லி வந்தது. 2017ல் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றிலும், அதை நம்பியிருந்த குடிநீரிலும் அதுவும் கண்டுபிடிக்கப்பட்டது. விலங்கு ஆய்வுகளில் ஈரலைப் பாதிப்பதும் தெரிந்தது.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது

கடையில் வாணலியின் பெட்டியில் பெரிய எழுத்தில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று இருக்கும். பொய் இல்லை. ஆனால் இன்று பெருநிறுவனங்கள் தயாரிக்கும் எந்த நான்ஸ்டிக்கிலும் அது இருப்பதில்லை என்பதால், அந்த வாசகம் சொல்வது அநேகமாக ஒன்றுமில்லை. அந்த வாணலியின் பூச்சு அதே டெஃப்ளான் குடும்பமாகவே இருக்கலாம். டெஃப்ளான் வேண்டாம் என்பவர் தேட வேண்டியது 'பி.டி.எஃப்.ஈ. இல்லாதது' அல்லது 'பிஃபாஸ் இல்லாதது' என்ற வாசகத்தை. கலிஃபோர்னியாவில் 2023லிருந்து இதற்குச் சட்டமே வந்துவிட்டது: ஒரு வேதிக் குடும்பத்தில் ஒன்றைச் சேர்த்துவிட்டு, அதே குடும்பத்து இன்னொன்று 'இல்லை' என்று பெட்டியில் பீற்றிக்கொள்ளக் கூடாது.

'கிரானைட்', 'மார்பிள்', 'டைமண்ட்' என்ற பெயர்களைப் பார்த்துக் கல்லில் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அவை வழக்கமான பூச்சில் கடினத் துகள்களோ புள்ளி நிறமோ கலந்தவை. தேய்மானம் கொஞ்சம் குறையலாம், ரசாயனம் மாறாது.

'செராமிக்' என்பது மட்டும் உண்மையில் வேறு. சிலிக்கா அடிப்படையிலான கூழைப் பூசிச் சுட்டெடுக்கும் முறை. 2007 வாக்கில் சந்தைக்கு வந்தது. ஃபுளோரின் இல்லை, டெஃப்ளானைவிட அதிகச் சூடு தாங்கும், காலியாகச் சூடானாலும் அந்தப் புகைக் காய்ச்சல் பயம் இல்லை. ஆனால் வழுக்கும் குணம் சீக்கிரம் போய்விடும். முதல் மாதம் முட்டை சறுக்கி விளையாடும், வருடம் முடிவதற்குள் சுரண்ட வேண்டியிருக்கும். அடிக்கடி வாணலி வாங்க வைப்பது எந்தச் சுற்றுச்சூழல் கணக்கில் சேரும் என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு உண்டு. இரும்புச் சட்டியை எண்ணெய் பூசிப் பழக்குவது இதே வேலையைச் செய்யும் பழைய முறை. அந்தக் கறுப்புப் படலமும் ஒரு பாலிமர்தான்: சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உண்டானது. போனால் திரும்பப் பூசிக்கொள்ளலாம், அது ஒன்றே அதற்குப் பெரிய தகுதி. பொறுமை வேண்டும், கனமும் அதிகம். எவர்சில்வர் எதையும் கக்காது, எல்லாவற்றையும் ஒட்டவைக்கும்.

பூச்சையே தடை செய்ய வேண்டுமா என்ற விவாதம் இப்போது சூடாக நடக்கிறது. 2023ல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து பிஃபாஸ் குடும்பம் முழுவதையும் கட்டுப்படுத்தலாம் என்று ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் முன்வைத்தன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2025 தொடக்கத்திலிருந்து பிஃபாஸ் சேர்த்த சமையல் பாத்திர விற்பனையைத் தடை செய்துவிட்டது. அதே ஆண்டு பிரான்ஸ் அழகுசாதனத்திலும் துணியிலும் தடை கொண்டுவந்தது, சமையல் பாத்திரத்தை மட்டும் விட்டுவிட்டது; டெஃபால் பிறந்த நாடு அது. டெஃப்ளான் போன்ற பெரிய பாலிமர்கள் செல்லுக்குள் நுழைவதில்லை, அவற்றை நச்சுச் சிறுமூலக்கூறுகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள் என்று தொழில்துறை வாதாடுகிறது. பயன்படுத்தும் நேரத்தை மட்டும் பார்த்தால் அந்த வாதம் சரிதான். செய்யும்போது ஆற்றுக்கு என்ன போகிறது, எறிந்தபிறகு என்ன ஆகிறது என்று கேட்டால் அது பாதி வாதம். ரத்தக் குழாய்க்கும் விமானக் கம்பிக்கும் மாற்று கிடைப்பது கடினம்; முட்டை பொரிக்க மாற்றுப் பாத்திரம் நிறைய இருக்கிறது. எதை முதலில் விட வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை.

உரிந்த வாணலியின் அலுமினியம் நல்லாத்தானே இருக்கிறது என்று பூச்சைத் தீயில் எரித்தோ கிரைண்டர் பிடித்துத் தேய்த்தோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன புகையை வலியப்போய் இழுப்பது அது, வேண்டவே வேண்டாம். பழைய இரும்புக்காரரிடம் போட்டால் அலுமினியம் 660 டிகிரியில் உருக்கப்படும். அந்தச் சூட்டில் பூச்சு முழுவதும் சிதைந்து புகையாகும். அதை வடிகட்டிப் பிடிக்கும் வசதி எந்த உலையில் இருக்கிறது, எதில் இல்லை என்பது வாணலியைப் போட்டவருக்குத் தெரியப்போவதில்லை.